ஓவன் சூடேறவில்லை: இக்னைட்டரா, வால்வா?

மேலே நாலு பர்னரும் ஜம்மென்று எரிகிறது, உள்ளே ஓவன் மட்டும் ஜில்லென்று கிடக்கிறது. அமெரிக்க வீடுகளில் இருக்கும் காஸ் ஓவன்களில் இப்படி ஆனால் சந்தேகப் பட்டியலில் முதல் இரண்டு ஆட்கள் இக்னைட்டரும் (சூடாகிக் கனன்று காஸைப் பற்றவைக்கும் பாகம்) காஸ் வால்வும் (ஓவனுக்குக் காஸைத் திறந்துவிடும் பாகம்)தான். என் ஓவனில் கீழே பார்த்தேன், இக்னைட்டர் ஆரஞ்சு நிறத்தில் கனன்றுகொண்டிருந்தது, அது நன்றாகத்தானே இருக்கிறது என்று வால்வை வாங்கி ஆள் வைத்து மாட்டினேன். பணம் போனதுதான் மிச்சம்.

விஷயம் இதுதான்: இரண்டும் ஒரே மின் இணைப்பில் தொடராக இருக்கின்றன. இக்னைட்டர் வழியாகப் போதுமான மின்சாரம் ஓடினால்தான் வால்வு திறக்கும். தட்டை வகை இக்னைட்டருக்குச் சுமார் 3.2 முதல் 3.6 ஆம்பியர், உருண்டை வகைக்கு 2.5 முதல் 3 வரை வேண்டும். வயசான இக்னைட்டர் கனலும், ஆனால் அந்த அளவுக்கு இழுக்காது, வால்வும் திறக்காது. முன்பு ஒரு நிமிஷத்தில் பற்றிய ஓவன் சில வாரங்களாக மூணு நாலு நிமிஷம் எடுத்துக்கொண்டிருந்தால், அப்புறம் லேசாகக் காஸ் வாடையும் வந்திருந்தால், என் ஓட்டு இக்னைட்டருக்கே.

இக்னைட்டரின் மின்தடையை (ஓம்) அளந்து பார்ப்பதை நம்பாதீர்கள், அது ஆறிக் கிடக்கும்போது எடுக்கிற கணக்கு. கிளாம்ப் மீட்டரை (ஒயரைச் சுற்றிக் கவ்வி மின்சாரத்தை அளக்கும் கருவி) இக்னைட்டருக்குப் போகும் ஒற்றை ஒயரில் மாட்டி, ஓவன் ஓடும்போது ஆம்பியர் பாருங்கள். ஆம்பியர் சரியாக இருந்தும் காஸ் வரவில்லை என்றால் மட்டுமே வால்வு குற்றவாளி. வால்வு மாற்றுவது தொழில் தெரிந்த ஆளுக்குரியது, காஸ் குழாயைக் கழற்றி மாட்டிச் சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு பார்க்க வேண்டும். இக்னைட்டர் அப்படியில்லை: பிளக்கைப் பிடுங்கி, காஸை மூடி, ஓவனின் அடித்தட்டைத் தூக்கினால் பெரும்பாலும் இரண்டு திருகு, ஒரு கனெக்டர். திருகு துருப்பிடித்திருந்தால் மட்டும் அரை நாள் போகும்.

புது இக்னைட்டர் ஒரிஜினலா, எல்லாவற்றுக்கும் பொருந்துகிற மலிவு வகையா? நான் ஒரிஜினல் பக்கம். மற்றதில் ஒயரை வெட்டிச் சேர்க்க வேண்டும், அந்த இணைப்பை மூடப் பீங்கான் மூடிதான் ஆகும், பிளாஸ்டிக் உருகிவிடும். எதுவானாலும் கனலும் பகுதியை விரலால் தொடாதீர்கள், எண்ணெய்ப் பிசுக்கு பட்டால் ஆயுசு குறையும்.

கடைசியில் புது இக்னைட்டரை மாட்டிவிட்டுக் கடிகாரத்தோடு முன்னால் உட்கார்ந்தேன். நாற்பதாவது வினாடியில் ‘புஸ்’ என்று நீலமாகப் பற்றியது. கழற்றிய பழைய வால்வு இன்னும் அலமாரியில் இருக்கிறது, பழுதே இல்லாமல்.