ஆன்லைனில் ‘ட்ரெய்லிங் ரோஸ்மேரி’ வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

மாடித்தோட்டத்தில் கைப்பிடிச் சுவரிலிருந்து வழிந்து தொங்குகிற மாதிரி ரோஸ்மேரி வைக்க ஆசைப்படுபவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் அனுப்புங்கள். இன்ஸ்டாகிராமில் செடி விற்கும் ஒரு பக்கத்தில் ‘ட்ரெய்லிங் ரோஸ்மேரி (அதாவது படர்ந்து தொங்கும் ரகம்), வளர்ந்த செடி’ என்று 450 ரூபாய்க்குப் போட்டிருந்தார்கள், கூரியர் தனி. படத்தில் ஒரு கருங்கல் சுவர் முழுக்க நீலப் பூவோடு தொங்குகிறது. முழுப் பணமும் முன்னாடியே கேட்டார்கள், அனுப்பினேன்.

வந்தது நிமிர்ந்து வளரும் சாதாரண ரோஸ்மேரி. நடுநுனியைக் கிள்ளிவிட்டு, பக்கக் கிளைகளை நூல் போட்டு வளைத்துக் கட்டி அனுப்பியிருக்கிறார்கள்! நூலை அவிழ்த்த பிறகு வந்த துளிர் எல்லாம் ஈர்க்குச்சி மாதிரி நேராக மேலே போகிறது. உண்மையான படர் ரகத்தில் இளந்தண்டிலேயே சாய்வு தெரியும், பக்கவாட்டில் ஓடி, நுனி லேசாக முறுக்கிக்கொண்டு, தொட்டி விளிம்பைத் தாண்டியதும் கீழே இறங்கும். நிமிர்ந்த ரகத்தைக் கட்டி வைத்தாலும் அப்படி வளராது.

வேர் நிலைமை இன்னும் மோசம். கவரைக் கிழித்தால் வெளியே கெட்டிக் களிமண், உள்ளே பிழிந்தால் தண்ணீர் வரும் அளவுக்கு ஈரமான கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்), வேர் பழுப்பாகி, இழுத்தால் தோல் தனியாக உரிந்து வருகிறது. மத்தியதரைக் கடலோரத்தின் வறண்ட பாறைச் சரிவில் வளர்கிற செடி இது, வெயிலைத் தாங்கும், ஆனால் வேரில் தண்ணீர் நின்றால் தாங்காது. உடனே அழுகலை வெட்டிவிட்டு மணலும், தண்ணீர் வடிய உதவும் பெர்லைட் என்கிற வெள்ளைத் துகளும் நிறையக் கலந்த செம்மண்ணுக்கு மாற்றியும் பாதிக் கிளைகள் கருகிவிட்டன.

கேட்டதற்கு, “செடி உயிருள்ள பொருள், ரிட்டர்ன் கிடையாது, பிரிக்கும்போது எடுத்த வீடியோ இருக்கா?” என்றார்கள். வீடியோ அனுப்பினேன், பிளாக் செய்துவிட்டார்கள். ‘ரிட்டர்ன் கிடையாது’ என்று எழுதிப் போட்டுவிட்டால் தப்பித்துவிட முடியாது. விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளைத் திரும்ப எடுக்கவோ பணத்தைத் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் விதிகள் சொல்கின்றன. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். பணம் அனுப்பிய ரசீது, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், அவர்களோடு பேசிய சாட் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பிளாக் செய்துவிட்டால் அந்த விளம்பரத்தைத் திரும்பப் பார்க்க முடியாமல் போகலாம்.

அதே ஆட்கள் ‘ட்ரெய்லிங் ரோஸ்மேரி விதை’யும் விற்கிறார்கள், அதைத் தொடவே வேண்டாம். ரோஸ்மேரி விதை முளைப்பதே குறைவு, முளைத்தாலும் தாய்ச்செடி போலவே படரும் என்று யாரும் சொல்ல முடியாது, அதனால்தான் படர் ரகத்தைக் கட்டிங் போட்டுத்தான் (தண்டை வெட்டி வேர்பிடிக்க வைத்து) பெருக்குகிறார்கள். தலைமுடிக்கு ரோஸ்மேரி தண்ணீர் நல்லது என்று பேச்சு கிளம்பியதிலிருந்து இந்தச் செடிக்கு ஏகக் கிராக்கி, கையில் கிடைத்த குச்சியை எல்லாம் வேர்பிடிக்க வைத்து விற்கிறார்கள்.

முடிந்தால் நர்சரிக்கு நேரில் போய், தொட்டி விளிம்பைத் தாண்டி இறங்கியிருக்கும் செடியாகப் பார்த்து எடுங்கள். ஆன்லைன்தான் வழி என்றால், கட்டிங் எடுத்த தாய்ச்செடியை அன்றைக்கே வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், கட்டு எதுவும் இல்லாமல்.