தகரம், கிடுகு, ஓடு, பிளாட்: நாலு கூரைக்குக் கீழேயும் இருந்து பார்த்ததில்

வீடு கட்டப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்தக் கூரை அண்ணை குளிர்ச்சி?" என்றுதான். "எத்தினை மணிக்கு?" என்று நான் திருப்பிக் கேட்பேன். மத்தியானத்துக்கு ஒரு மறுமொழி, இராத்திரிக்கு வேறொன்று. 2010இல் மீள்குடியேறியபோது கிடைத்த தகரம், பிறகு கிடுகு வேய்ந்த குசினி, வீட்டுத்திட்டத்து ஓட்டு வீடு, கடைசியாகப் பின்பக்கம் தட்டையான கொங்கிறீற்றுக் கூரை போட்டுக் கட்டிய பிளாட் அறை என்று கிளிநொச்சிப் பக்கம் ஒரே வளவுக்குள் நாலையும் பாவித்தாயிற்று.

தகரத்தைத் திட்டாத சனம் வன்னியில் இல்லை. சித்திரைப் புதுவருடத்தை ஒட்டிச் சூரியன் எங்கள் தலைக்கு நேர்மேலே வரும், ஆவணியில் இன்னொரு முறை வரும். அந்த நாட்களில் மத்தியானம் தகரத்தில் கை வைக்க ஏலாது. ஆனால் ஒரு மேகம் வந்து மூடட்டும், கூரை முழுக்க டக் டக் என்று சத்தம் போடும். கொஞ்ச நேரத்தில் தொட்டால் ஆறியிருக்கும். பத்தடித் தகரம் 30 பாகை சூடேறினால் ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் நீளும், ஆறினால் அவ்வளவும் சுருங்கும். அந்த இழுபறிதான் சத்தம். ஆணி அடித்த துளைகள் வரவரப் பெருத்து மாரியில் ஒழுகுவதற்கும் அதில் பங்குண்டு.

இவ்வளவு கெதியாக ஏன் ஆறுகிறது? கொதிக்கக் கொதிக்க ஒரு பேணி தேத்தண்ணியும், கை பொறுக்கிற சூட்டில் ஒரு கிடாரம் கஞ்சியும் இருந்தால், வெப்பநிலை கூடியது பேணி. வெப்பச் சக்தியைக் கூடுதலாக வைத்திருப்பது கிடாரம். தகரமும் பிளாட்டும் அப்படித்தான். ஒரு சதுர மீற்றர் தகரம் 3 கிலோ வரும். அஞ்சு அங்குலப் பிளாட் அதே பரப்புக்கு 300 கிலோ. ஒரு கிலோவை ஒரு பாகை ஏற்ற இரும்புக்கு 450 யூல் போதும், கொங்கிறீற்றுக்கு 880 யூல் அளவு வேண்டும். பெருக்கிப் பார்த்தால், ஒரே ஒரு பாகை ஏறுவதற்குப் பிளாட் விழுங்கும் வெப்பம் தகரத்தைப்போல ஏறக்குறைய 200 மடங்கு. விழுங்கியதை எல்லாம் அது கக்கத்தானே வேண்டும்!

அது கக்குகிற நேரம்தான் சிக்கல். மேலே மத்தியானம் பட்ட வெயில் கீழ்ப்பக்கம் வந்து சேர மூன்று நாலு மணித்தியாலம் பிந்தும். பகல் பதினொரு மணிக்குப் பிளாட் அறைக்குள் போனால் "ஆகா" என்று இருக்கும். வீடு பார்க்க வருகிறவர்கள் அந்த நேரத்தில்தான் வருகிறார்கள். இரவு ஒன்பது மணிக்குப் பாயை விரித்துப் படுத்துப் பாருங்கள். மின்விசிறி சுற்றச் சுற்ற வெக்கைக் காற்றுத்தான் இறங்கும். அதே நேரம் தகரக் கொட்டில் ஆறிப் போய்க் கிடக்கும். மார்கழி, தை விடியப்புறங்களில் தகரம் வானத்தை நோக்கி வெப்பத்தைக் கதிர்த்து, சுற்றியிருக்கும் காற்றையும்விடக் குளிர்ந்துவிடும். அடிப்பக்கத்தில் நீர் முத்து முத்தாகக் கட்டி, முகத்தில் சொட்டி எழுப்பும்.

இன்னொரு விசயம், வெப்பமானியை முழுக்க நம்பாதீர்கள். மத்தியானம் வேப்பமரத்தடியிலும் தகரக் கொட்டிலுக்குள்ளும் அதைத் தொங்கவிட்டால் வித்தியாசம் சில பாகைதான் காட்டும். ஆனால் கொட்டிலுக்குள் உச்சி எரியும். காய்ந்த தகரம் கதிர்வீசலாக நேரே தலையில் இறக்குவதைக் காற்றின் வெப்பநிலை சொல்லாது. தகரம் பழசாகித் துருவேற ஏற இது கூடும். பளபளப்பு இருக்கும் மட்டும் வெயிலில் ஒரு பங்கையாவது திருப்பி அனுப்பும், கறுத்த பிறகு அதுவும் இல்லை.

கிடுகு இந்த இரண்டு கரைச்சலும் இல்லாதது. பாரமும் இல்லை, கடத்துவதும் இல்லை. ஓலை அடுக்குகளுக்கு இடையில் சிக்கிய காற்றுத்தான் வேலையே செய்கிறது. அசையாத காற்று இரும்பைவிட ஏறத்தாழ 2000 மடங்கு மந்தமான கடத்தி. அடுப்பெரிகிற குசினியே எங்கள் வீட்டில் மத்தியான நித்திரைக்கு நல்ல இடமாக இருந்தது என்றால் யோசியுங்கள். ஆனால் வேய ஆள் வேண்டும், கிடுகு வேண்டும், கறையானோடு மல்லுக்கட்ட வேண்டும், நெருப்புப் பயம் வேறு. வயசுபோன அம்மா மட்டும் இருக்கிற வீட்டுக்கு நான் சொல்ல மாட்டேன்.

ஓடு நடுவழி. மண் என்றபடியால் கொஞ்சம் வெப்பம் பிடிக்கும், ஆனால் பிளாட் அளவு பாரம் இல்லாதபடியால் மாலைக்குப் பிறகு விட்டுவிடும். சூடான காற்று ஓட்டு இடுக்குகளால் மேலே போய்விடும். குரங்கு பாய்ந்தால் உடையும், அவ்வளவுதான் குறை. அஸ்பெஸ்ரஸ் சீற்றைப் பற்றி எழுத விருப்பமில்லை. அதன் தூசு நுரையீரலுக்குக் கூடாது, அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பிளாட் போட்டாயிற்று, என்ன செய்வது? மேலே வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள், வருசா வருசம். பொழுதுபடத் தண்ணீர் தெளியுங்கள். ஒரு லீற்றர் தண்ணீரை 30 பாகையில் இருந்து கொதிக்க வைக்க 300 கிலோயூல்கூடத் தேவையில்லை. அதே லீற்றர் ஆவியாகிப் போக ஏறக்குறைய 2400 கிலோயூல் எடுக்கும். 1760களில் கிளாஸ்கோவில் யோசப் பிளாக் விளக்கிய மறைவெப்பம் இதுதான். கணக்குப்படி சதுர மீற்றருக்கு ஒரு லீற்றர் ஆவியானால் பிளாட் 9 பாகை இறங்க வேண்டும். ஒரு பங்கைக் காற்றில் இருந்தும் எடுப்பதால் அவ்வளவு இறங்காது, என்றாலும் படுக்கலாம். ஆனால் வெக்கை கூடின ஆவணியில்தான் எங்கள் கிணறும் அடி தெரிய வற்றும். அதனால் நான் மேலே கம்பு நட்டு, ஒரு முழ இடைவெளி விட்டு, பழைய கிடுகை நிழலாகப் போட்டிருக்கிறேன். சுண்ணாம்பைவிட அது நன்றாக வேலை செய்கிறது. மேசன்தான் பார்த்துவிட்டு, "இவ்வளவு காசு கொட்டிப் பிளாட் போட்டு, அதுக்கு மேல கொட்டிலோ தம்பி?" என்று சிரித்தார்.