யுரானி கப்பல்: ரோஸின் நாட்குறிப்பா, கணவரின் அறிக்கையா?

குமரிக் கடலோரத் தூத்தூரிலிருந்து கடல் அறிவியல் படிக்கப் போகும் அக்கா மகள் கேட்டாள்: “சித்தி, யுரானி கப்பல் பயணத்தைப் பற்றி எதை முதலில் படிக்க?”

1817இல் உலகைச் சுற்றி அறிவியல் ஆய்வு செய்யப் பிரான்சின் துலோனிலிருந்து புறப்பட்டது யுரானி. கப்பல் தலைவர் லூயி த ஃப்ரெய்சினே அரசுக்கு அறிக்கை எழுதினார். கடற்படைக் கப்பலில் பெண்களுக்குத் தடை இருந்ததால் ஆண் உடையில் ஒளிந்து கப்பலேறிய அவர் மனைவி ரோஸ், தோழிக்காக நாட்குறிப்பு எழுதினார்.

பூமியின் வடிவம், காந்தம், வானிலை என்று அளவுகள் வேண்டுமானால் அறிக்கைதான். பல தொகுதிகள், பொறுமை வேண்டும். ஆனால் ரோஸ் அதில் கிட்டத்தட்ட இல்லை. ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடா முகாமை வரைந்த மூல ஓவியத்தில் அவர் இருக்கிறார். அச்சான படத்தில் ஆளைக் காணோம்! (என்ன சாமர்த்தியம்!)

நாட்குறிப்பில் பயமும் சலிப்பும் சாப்பாடும் உண்டு. 1820 பிப்ரவரியில் தென் அட்லாண்டிக் கடலின் பாக்லாந்து தீவில் கப்பல் உடைந்தபின் பென்குயினையும் கடல்நாயையும் தின்று பிழைத்தார்கள். ஆழ்கடலுக்குப் போன விசைப்படகுக்காகக் காத்திருக்கும் நம் ஊர்ப் பெண்களுக்கு அந்தப் பயம் சட்டென்று புரியும். போகிற இடத்து மக்களை ரோஸ் ஏளனமாகப் பார்ப்பது மட்டும் எரிச்சல். 1927இல்தான் நாட்குறிப்பு நூலானது.

சரி, நாட்குறிப்பையே முதலில் எடு என்றேன். அளவு தேவைப்படும்போது அறிக்கையைப் புரட்டிக்கொள்ளலாம்.