கழுத்தில் நெறி கட்டினால் என்சைம் மாத்திரையை நம்பி நாளைக் கடத்தாதீர்கள்

மார்கழியில் என் மகளுக்குக் கழுத்தின் வலப்பக்கம் நெறி கட்டியது. நெல்லிக்காய் அளவு இருக்கும், வலி அதிகமில்லை. தெரிந்தவர் சொன்னாரென்று ஒரு 'சத்து ஆலோசகரிடம்' கூட்டிப்போனேன். அவர் கழுத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "நிணநீரில் கழிவு தேங்கியிருக்கிறது, என்சைம் கரைத்துவிடும்" என்று சொல்லி ஒரு டப்பாவை 2,400 ரூபாய்க்குக் கொடுத்தார். அந்த மாத்திரையில் இருந்தவை புரதத்தைக் கரைக்கும் மூன்று என்சைம்கள்: செராஷியோபெப்டிடேஸ், அன்னாசியிலிருந்து எடுக்கும் புரோமலைன், பப்பாளிப் பாலிலிருந்து எடுக்கும் பப்பைன். வெறும் வயிற்றில் மூன்று வேளை.

மூன்று டப்பா தீர்ந்தது. கட்டி ஒன்று இரண்டானது. மாலையானால் காய்ச்சல், இரவில் தலையணை உறை நனைகிற அளவு வியர்வை, எடை நான்கு கிலோ குறைந்துவிட்டது. பதறிப்போய் அவருக்குப் போன் செய்தால், "கழிவு வெளியேறுகிறதம்மா, நல்ல அறிகுறிதான்" என்றார். அதைக் கேட்டு இன்னும் பத்து நாள் பொறுத்தேனே, அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

கடைசியில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். கட்டியில் மெல்லிய ஊசி போட்டு உறிஞ்சி எடுத்துச் சோதித்தார்கள். டிபி. நுரையீரலில் இல்லை, நெறியில் மட்டும். "கட்டியே நோய் இல்லைம்மா, உள்ளே கிருமி இருக்கும்போது வீக்கத்தை மட்டும் கரைத்து என்ன ஆகப்போகிறது?" என்றார் டாக்டர். ஆறு மாத மருந்து, முழுக்க இலவசம்.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். செராஷியோபெப்டிடேஸ் பட்டுப்புழுவின் குடலில் வாழும் பாக்டீரியாவிலிருந்து கிடைத்த என்சைம். ஜப்பானில் டகேடா நிறுவனம் டான்சென் என்ற பெயரில் பல காலம் விற்றது. மருந்தே இல்லாத போலி மாத்திரையைவிடக் கூடுதல் பலன் இருப்பதாகச் சோதனையில் தெரியவில்லை என்று 2011-இல் அந்த நிறுவனமே சந்தையிலிருந்து எடுத்துவிட்டது. இங்கே இதற்கு ஆதாரமாகக் காட்டுகிறவை பெரும்பாலும் பல் பிடுங்கிய பின் வரும் வீக்கத்தைப் பற்றிய சின்னச் சின்ன ஆய்வுகள். அவற்றை வைத்துக் கழுத்து நெறிக்கு மாத்திரை விற்பது அநியாயம்.

இதே டப்பாவை, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடும் என் மாமனாருக்கும் அந்த ஆலோசகர் கொடுத்திருந்தார். இரண்டும் சேர்ந்தால் ரத்தக்கசிவு ஆபத்து கூடும் என்று டாக்டர் உடனே நிறுத்தச் சொல்லிவிட்டார்.

இரண்டு வாரம் தாண்டியும் நெறி வற்றவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். காறை எலும்புக்கு மேலே வந்தாலோ, கல் மாதிரி நகராமல் இருந்தாலோ, காய்ச்சலும் எடைக் குறைவும் சேர்ந்தாலோ இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

மகளுக்கு இது நான்காவது மாதம். கட்டி மிளகளவு ஆகிவிட்டது. தலையணை உறை காலையில் காய்ந்தே இருக்கிறது.