குகைக்குள் கூட்டிப்போகிறோம் என்று பணம் வாங்கியவர்களை நம்பிப் போனோம்

மலைக்கிராமப் பக்கம் இயற்கைக் குகை பார்க்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். படிக்கட்டு, கைப்பிடிக் கம்பி, விளக்கு என்று எதுவுமே போடாத குகையைத்தான் சொல்கிறேன்.

போன மாதம் நாங்கள் நான்கு பேர் ஒரு ஏஜென்ட் மூலம் போனோம். ஆளுக்கொரு ஹெல்மெட், தலையில் மாட்டும் டார்ச், பல வருஷமாக அந்தக் குகையில் ஏறி இறங்கும் கைடு, எல்லாம் உண்டு என்று போனில் சொன்னார். முழுப் பணத்தையும் முதலிலேயே வாங்கிக்கொண்டார். வாசலில் காத்திருந்தது பதினெட்டு வயதுகூட நிரம்பாத ஒரு பையன். கையில் ஒரே ஒரு டார்ச். "ஹெல்மெட் எங்கே தம்பி?" என்றால், "தெரியாதுண்ணா, வரச் சொன்னாங்க, வந்தேன்" என்கிறான். ஏஜென்டைக் கூப்பிட்டால் சிக்னல் இல்லை. அங்கேயே திரும்பியிருக்க வேண்டும். இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று உள்ளே போனோம்.

முதல் கூடம் பெரியது. அதைத் தாண்டித் தவழ்ந்துதான் போக வேண்டும். இரண்டாவது கூடத்தில் டார்ச் மங்கி அணைந்தது. வெளியே எவ்வளவு இருட்டினாலும் கொஞ்ச நேரத்தில் கண் பழகிவிடும். குகைக்குள் பழகாது, ஏனென்றால் அங்கே துளி வெளிச்சமும் கிடையாது. செல்போன் வெளிச்சத்தில் திரும்பினால் எதிரே மூன்று பொந்துகள். எதில் வந்தோம் என்று பையனுக்குத் தெரியவில்லை. முதல் கூடத்தைத் தாண்டி அவனும் வந்ததே இல்லை என்று அப்போதுதான் அழுதுகொண்டே சொன்னான். சேற்றில் பதிந்திருந்த எங்கள் செருப்புத் தடத்தைத் தேடித் தேடி வெளியே வர ஒன்றரை மணி நேரம் ஆனது. என் தம்பிக்குப் பாறையில் இடித்துத் தலையில் ரத்தம்.

அதைவிட என்னை இன்னும் நடுங்கவைப்பது வேறு. என் தலைக்கு மேலே பாறை இடுக்குகளில் காய்ந்த இலையும் சுள்ளியும் செருகிக் கிடந்தன. வெள்ளம் வரும்போது தண்ணீர் அந்த உயரத்துக்கு ஏறுகிறது என்று அதற்கு அர்த்தம். சுண்ணாம்புக்கல் மலையில் பெய்யும் மழை வெடிப்புகள் வழியே உள்ளே இறங்கிவிடும். குகை வாசலில் ஒரு துளிகூட விழாமல் உள்ளே தண்ணீர் ஏறலாம். 2018 ஜூன் 23 அன்று தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் 12 சிறுவர்களும் அவர்களுடைய பயிற்சியாளரும் உள்ளே தண்ணீர் ஏறித்தான் மாட்டினார்கள். கடைசி ஆள் வெளியே வந்தது ஜூலை 10. எங்கள் ஏஜென்ட் அன்றைய வானிலையைப் பார்க்கவே இல்லை.

இன்னொன்றும் மனசு ஆறவில்லை. குகைக் கூரையிலிருந்து விழுதுபோலத் தொங்கும் கல்லைக் கல்விழுது என்பார்கள். நினைவுக்கு அதில் ஒன்றை உடைத்துக் கொடுக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள் அந்தப் பையனை. விரல் நீளம் வளரவே நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆகும் பொருள் அது. வேண்டாம் என்று தடுத்துவிட்டோம்.

பணம் கட்டும் முன் ஹெல்மெட், விளக்குகளைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுபவமுள்ள குகையாளர்கள் ஆளுக்கு மூன்று தனித்தனி விளக்கு இல்லாமல் இறங்க மாட்டார்கள். கைடிடம் நேராகப் பேசுங்கள். கடைசியாக எப்போது உள்ளே போனார், எதுவரை போனார் என்று கேளுங்கள். எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை வெளியே ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். பள்ளமான இடங்களில் கரியமில வாயு தேங்கும், அதனால் தலைவலியோ மூச்சிரைப்போ வந்தால் உடனே திரும்புங்கள்.

பையன்மேல் எனக்குக் கோபமில்லை. அவன் உயிரையும்தான் அவர்கள் பணயம் வைத்தார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு ஏஜென்ட் சொன்னது: "உள்ளே போய்ப் பார்த்துட்டுத்தானே வந்தீங்க?" அதன்பிறகு போனை எடுக்கவில்லை. நான்கு பேரும் சேர்ந்து எழுத்துமூலம் புகார் கொடுத்திருக்கிறோம். ஹெல்மெட் போட்ட ஆட்கள் சிரிக்கும் அந்த விளம்பரப் படம் மட்டும் நேற்று ராத்திரி வரை அப்படியே இருந்தது.