நிரலிலிருந்து ஷெல்லை இயக்குதல்: பிஎக்ஸ்பெக்டா, டீமக்ஸா?

பேஷ் ஷெல்லை (கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல்) திறந்து, ஒரு கட்டளையின் பதிலைப் பார்த்த பிறகே அடுத்ததை முடிவு செய்யும் நிரல் ஒன்றுக்காக, லினக்ஸில் பிஎக்ஸ்பெக்ட் (பிற நிரல்களுடன் உரையாட உதவும் பைத்தான் நூலகம்), டீமக்ஸ் (ஒரே திரையில் பல டெர்மினல்களை நடத்தும் கருவி) ஆகிய இரண்டையும் ஓட்டிப் பார்த்துப் பிஎக்ஸ்பெக்டைத் தேர்ந்தெடுத்தேன். ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொன்றுக்குக் கடத்தும் வெறும் பைப் போதாது என்பது தெரிந்ததே. எதிரில் டெர்மினல் இல்லையென்றால் பல நிரல்கள் வெளியீட்டை உடனுக்குடன் தராமல் தேக்கி வைத்துவிடும். ஒரே கட்டளையை ஓட்டிப் பதிவெடுக்க ‘ஸ்கிரிப்ட்’ கட்டளை போதுமானது. உரையாடலுக்கு அது ஏற்றதன்று.

தேர்வைத் தீர்மானித்தது ஒரே கேள்விதான்: அனுப்பிய கட்டளை முடிந்துவிட்டது என்று நிரலுக்கு எப்படித் தெரியும்? டீமக்ஸில் ‘சென்ட்-கீஸ்’ கட்டளை மூலம் அனுப்பி, ‘கேப்சர்-பேன்’ கட்டளை மூலம் திரையைப் படிக்கிறோம். அங்கே கிடைப்பது வரைந்து முடிந்த திரை என்பதால், நீண்ட வரிகள் மடிந்து வரும். ‘வெயிட்-ஃபார்’ வசதியால் முடிவை அறியலாம். ஆனால் உள்ளே எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து உள்நுழையும் வசதி) வழியாக வேறொரு கணினிக்குள் நுழைந்துவிட்டால், அங்கிருந்து நம் டீமக்ஸுக்குச் செய்தி அனுப்ப எளிய வழி இல்லை.

பிஎக்ஸ்பெக்டில் ப்ராம்ப்ட் (அடுத்த கட்டளைக்குத் தயார் என்று ஷெல் காட்டும் குறி) திரும்ப வருவதே முடிவின் அடையாளம். வழக்கமான $ குறி எந்த வெளியீட்டிலும் வரக்கூடும் என்பதால், ப்ராம்ப்ட்டைத் தீர்மானிக்கும் பிஎஸ்1 மாறியில் @@=@@ போன்ற அரிய குறியை வைப்பது நல்லது. இங்கேதான் கவனம் தேவை: அந்த மாறியை அமைக்கும் வரியையே டெர்மினல் திருப்பி எழுதுவதால், ப்ராம்ப்ட் வருவதற்கு முன்பே குறி பொருந்திவிடும். குறியின் நடுவில், பேஷ் ப்ராம்ப்ட்டில் காட்டாமல் விட்டுவிடும் \[\] சேர்த்து @@=\[\]@@ என்று அனுப்பினால், திருப்பி எழுதப்படும் வரி பொருந்தாது, உண்மையான ப்ராம்ப்ட் மட்டும் பொருந்தும்; பிஎக்ஸ்பெக்டுடன் வரும் ‘ரெப்ல்ராப்’ தொகுதி இதே உத்தியைத்தான் கையாள்கிறது. அதன்பின், கடைசிக் கட்டளையின் முடிவு நிலையைச் சொல்லும் $? மதிப்பைக் கேட்டு வாங்கினால், கட்டளை வென்றதா தோற்றதா என்பதும் ஐயமின்றித் தெரிந்துவிடும்.

பராமரிப்பில் சில வேலைகள் உண்டு. காத்திருப்பு நேரம் இயல்பாக 30 நொடிதான்; நீண்ட கட்டளைகளுக்கு அதைக் கூட்ட வேண்டும். பேஷ் 5.1 முதல் ஒட்டுதலுக்கான ‘பிராக்கெட்டட் பேஸ்ட்’ குறியீடுகள் இயல்பாகவே வெளியீட்டில் கலப்பதால், அவ்வசதியை அணைத்துவிடுவது நலம். பிஎக்ஸ்பெக்டுக்கு முன்னோடியாக, 1990இல் டான் லிபெஸ் உருவாக்கிய மூல எக்ஸ்பெக்டும் இதே முறையில்தான் இயங்குகிறது. அதற்கான டிசிஎல் மொழியில் சிறு வேலைகளுக்கு மேல் எழுதியதில்லை என்பதால், பெரிய நிரல்களில் அதன் தகுதியை நான் எடை போட மாட்டேன்.

பிஎக்ஸ்பெக்ட் நிரல் நின்றால் போலி டெர்மினலும் மூடப்பட்டு, உள்ளே இருக்கும் ஷெல்லுக்கு ‘சிக்ஹப்’ (டெர்மினல் துண்டிக்கப்பட்டது என்னும்) சமிக்ஞை போய், அது பொதுவாக நின்றுவிடும். அதனால், நிரல் நின்ற பிறகும் தொடர வேண்டிய நெடும்பணிகளை மட்டும் டீமக்ஸுக்கே விட்டிருக்கிறேன்.