ராமநாதபுரத்தில் நீர்க்கட்டிக்கான கூட்டு மருத்துவப் பிரிவு: ஒரு மதிப்பீடு

ராமநாதபுரம் நகரில் ஒரு தனியார் மருத்துவமனை, சினைப்பை நீர்க்கட்டி என்று நாம் சொல்லும் பிசிஓஎஸ் என்ற ஹார்மோன் கோளாறு உள்ள பெண்களுக்காக வாரத்தில் ஒரு நாள் தனிப் பிரிவு நடத்துகிறது. மகளிர் மருத்துவர், ஹார்மோன் மருத்துவர், உணவியல் ஆலோசகர், மனநல ஆலோசகர், பிசியோதெரபிஸ்ட் ஆகியோர் அன்று ஒரே தளத்தில் இருக்கிறார்கள். பாம்பனிலிருந்து என் தங்கையை அங்கே அழைத்துச் சென்று வருகிறேன். விளம்பரமாகிவிடக் கூடாது என்பதால் மருத்துவமனையின் பெயரைத் தவிர்த்து, சிகிச்சை முறையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

இதற்கு முன்பு அவளுக்குக் கிடைத்ததெல்லாம் துண்டு துண்டான வைத்தியம். முகப்பருவுக்கு ஒரு மருத்துவர் களிம்பு கொடுத்தார். மாதவிடாய் வர இன்னொருவர் மாத்திரை கொடுத்தார். கழுத்தில் படர்ந்த கருமையை அழுக்கு என்று நினைத்து வீட்டில் தேய்த்துக் கழுவச் சொன்னார்கள். அந்தக் கருமை இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம் என்பதும், பருவும் தள்ளிப்போகும் மாதவிடாயும் அதனோடு தொடர்புள்ளவை என்பதும், எல்லோரும் ஒரே கோப்பைப் பார்த்துப் பேசும் இந்த இடத்தில்தான் எங்களுக்குத் தெளிவாயின. “கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும்” என்ற வாக்கியத்தை அங்கே ஒருவர்கூடச் சொல்லவில்லை என்பதையும் இங்கே பதிவுசெய்ய வேண்டும்.

ஸ்கேன் அறிக்கையை மட்டும் பார்த்து நோயின் பெயரை எழுதிவிடுவதில்லை என்பது இந்தப் பிரிவின் முதல் சிறப்பு. 2003இல் ராட்டர்டாமில் வகுக்கப்பட்ட அளவுகோல்படி, ஒழுங்கற்ற கருமுட்டை வெளியேற்றம், ஆண் ஹார்மோன் மிகுந்திருப்பது, ஸ்கேனில் தெரியும் சினைப்பை மாற்றம் ஆகிய மூன்றில் இரண்டு இருக்க வேண்டும். தைராய்டு கோளாறு, பால் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் ஹார்மோன் மிகுந்திருப்பது போன்ற வேறு காரணங்கள் இல்லை என்றும் உறுதிசெய்ய வேண்டும். பருவமடைந்து 8 ஆண்டுகள் ஆகாத பெண்களுக்கு நோயறிய ஸ்கேனைப் பயன்படுத்த வேண்டாம் என்று 2023ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டுதல் கூறுகிறது. எங்களுக்கு முன்னால் இருந்த ஒரு பள்ளி மாணவியின் தாய் ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும் என்று வற்புறுத்தியபோது, மருத்துவர் அதற்கு இணங்காமல், அந்த வயதில் சினைப்பை இயல்பாகவே அப்படித் தெரியக்கூடும் என்று பொறுமையாக விளக்கினார். வருமானத்தை விட்டுக்கொடுத்து உண்மையைச் சொல்லும் இடம் என்று அப்போதே எனக்கு நம்பிக்கை வந்தது.

திருமணமாகாத பெண்ணுக்கு எதற்கு இவ்வளவு சிகிச்சை என்று கேட்பவர்களுக்கு மகளிர் மருத்துவர் சொல்லும் பதில் எல்லா வீடுகளுக்கும் எட்ட வேண்டும். கருமுட்டை வெளிவராத மாதங்களில், கருப்பை உட்சவ்வின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் போதுமான அளவு சுரப்பதில்லை. அதை வளரச் செய்யும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் மட்டுமே வேலை செய்வதால் கருப்பையின் உட்சவ்வு தடித்துக்கொண்டே போகிறது. அதை ஆண்டுக்கணக்கில் கவனிக்காமல் விட்டால் கருப்பைப் புற்றுநோய்க்கான ஆபத்து கூடுகிறது. ஆகவே குழந்தை வேண்டுமா வேண்டாமா என்பதற்கு அப்பாற்பட்டது இந்தக் கவனிப்பு. குழந்தைக்காக வருகிற தம்பதிகளிடமும் கணவரின் விந்துப் பரிசோதனையைத் தொடக்கத்திலேயே கேட்டு வாங்குகிறார்கள். பழியை எல்லாம் மனைவி சுமக்கும் நம் ஊர்ப்பக்கத்தில் இது சாதாரண விஷயம் அன்று.

உணவியல் ஆலோசகரின் அறைதான் இந்தப் பிரிவின் உயிர். அச்சடித்த தாளில் ஓட்ஸ், ஆப்பிள் என்று எழுதிக் கொடுக்காமல், அடுப்பில் என்ன வேகிறது என்று கேட்டுத் தொடங்குகிறார். சாளையும் நெத்திலியும் தாராளமாகக் கிடைக்கும் கரையில் புரதத்திற்காக டப்பாப் பொடி வாங்க வேண்டியதில்லை. மீனை எண்ணெயில் பொரிப்பதைக் குறைத்துக் குழம்பாக வைத்தால் போதும் என்றார். சோற்றை அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை. அளவைக் குறைத்து, காய்கறியையும் பயறையும் கூட்டி, சில வேளைகளில் குதிரைவாலியோ கேழ்வரகோ சேர்க்கச் சொன்னார். என் தாயார், சீனியை விட்டுவிட்டு மகளுக்குக் கருப்பட்டிக் காப்பிதான் கொடுப்பதாகப் பெருமையோடு சொன்னபோது, “கருப்பட்டியும் சர்க்கரைதான்மா, அதையும் அளவோடுதான் கொடுக்கணும்” என்று அவர் மனம் நோகாமல் திருத்தினார். பனைமரம் சூழ்ந்த நம் மாவட்டத்தில் இதைச் சொல்லத் துணிவும் கனிவும் வேண்டும். எந்த ஒரு உணவுமுறையும் மற்றொன்றைவிட மேலானது என்பதற்கு ஆதாரம் இல்லை என்பதே இன்றைய மருத்துவ நிலைப்பாடு. எடை கூடியிருப்பவர்களுக்கு 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பலருக்கு மாதவிடாய் சீராகத் தொடங்குகிறது. 80 கிலோ உள்ளவருக்கு அது 4 முதல் 8 கிலோதான். ஒல்லியான பெண்களுக்கும் இந்தப் பிரச்சினை வரும் என்பதால் எடையை வைத்து யாரையும் கடிந்துகொள்வதில்லை.

கீழக்கரையிலிருந்து வந்த ஒரு பெண், ரமலான் நோன்பு நாட்களில், இன்சுலின் நன்றாக வேலை செய்ய உதவும் மெட்ஃபார்மின் மாத்திரையை எப்படிச் சாப்பிடுவது என்று கேட்டார். ஹார்மோன் மருத்துவர் நோன்பை விடச் சொல்லாமல், நோன்பு திறக்கும் வேளைக்கும், விடியலுக்கு முன் சாப்பிடும் ஸஹருக்கும் மாத்திரையை மாற்றி அமைத்துக் கொடுத்தார். தொடக்கத்தில் வயிற்றுப்போக்கும் குமட்டலும் வரலாம் என்பதால் குறைந்த அளவில் ஆரம்பித்து, உணவோடு சாப்பிடச் சொல்லி, மெல்ல மெல்லக் கூட்டுகிறார்கள். என் தங்கை முன்பு ஓரிடத்தில் இதே மாத்திரையை முழு அளவில் தொடங்கி, தாங்க முடியாமல் நிறுத்திவிட்டிருந்தாள். இம்முறை அவளால் தொடர முடிகிறது.

பிசியோதெரபிஸ்ட் வாரம் 150 நிமிட உடற்பயிற்சியோடு, தசைக்கு வலுவூட்டும் பயிற்சிகளை இரண்டு நாள் செய்யச் சொல்கிறார். தெருவில் நடைப்பயிற்சி போனால் ஊர் பேசும் என்று தயங்குகிறவர்களுக்கு வீட்டுக்குள்ளேயே செய்யக்கூடியவற்றைக் கற்றுத்தருகிறார்.

மனநல ஆலோசனையை இங்கே கட்டாயத் தொடக்கப் படியாக வைத்திருப்பது சரியான முடிவு. பிசிஓஎஸ் உள்ள பெண்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் கூடுதலாகக் காணப்படுவதால் எல்லோரிடமும் அதைக் கேட்டறிய வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. முகத்தில் வளரும் முடிக்காக வீட்டு விசேஷங்களையே தவிர்த்து வந்த என் தங்கை, அதை முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னது அந்த ஆலோசகரிடம்தான். ஆனால் அந்த அறைக்கு வெறும் பலகைத் தடுப்புதான். உள்ளே பேசுவது காத்திருப்போருக்குக் கேட்கிறது. இவ்வளவு நல்ல சேவைக்கு இது பெரிய குறை. நிர்வாகம் இதை உடனே சரிசெய்ய வேண்டும்.

வேறு குறைகளும் உண்டு. ஹார்மோன் மருத்துவர் மதுரையிலிருந்து வருகிறவர். அவர் வராத வாரங்களில் கூட்டு ஆலோசனை பாதியாகிவிடுகிறது, அதை முன்கூட்டியே தொலைபேசியில் சொல்வதும் இல்லை. மருத்துவர் எழுதாத, இனோசிட்டால் என்ற துணைச்சத்துப் பொட்டலங்களை வளாக மருந்தகம் பரிந்துரைக்கிறது. அதன் பயனுக்கான சான்றுகள் இன்னும் வலுவாக இல்லாத நிலையில், மாதம்தோறும் அதற்குச் செலவழிக்கச் சொல்வது முறையன்று. ஆலோசனைக் குறிப்புகள் ஆங்கிலத்தில் மட்டுமே தரப்படுவதும் வருத்தம். 2022இல் தொடங்கிய ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில் இதுபோன்ற ஒருங்கிணைந்த பிரிவு இலவசமாக நடந்தால், கடல்பாசி எடுத்தும் மீன் விற்றும் பிழைக்கும் பெண்களுக்கு எட்டும் என்பது என் ஆசை.

மாதவிடாய் 35 நாட்களுக்கு மேல் தள்ளிப்போகிறவர்களும், மூன்று மாதமாக வராதவர்களும் இங்கே தயங்காமல் போகலாம். கடைசி ஓராண்டின் மாதவிடாய்த் தேதிகளையும் பழைய அறிக்கைகளையும் எடுத்துச் செல்லுங்கள். முதல் நாளிலேயே 75 கிராம் குளுக்கோஸ் பரிசோதனை இருக்கும் என்பதால் 8 மணி நேரம் வெறும் வயிற்றோடு போக வேண்டும்; இரண்டு மணி நேரம் கழித்து மீண்டும் ரத்தம் எடுப்பார்கள். தொண்டி, ராமேசுவரம் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் காலை முதல் பேருந்தைப் பிடித்து, சாப்பாட்டைக் கையில் கட்டிக்கொண்டு வருவது நல்லது. வளாகத்தில் உணவகம் இல்லை.